வாசகர் கேள்வி பதில்: பனியிலயிருந்து புளோரிடாவுக்கு, மோட்டர்ஹோமில

கேள்வி: அண்ணை, நானும் மனுசியும் போன வருசம் பென்சன் எடுத்தனாங்கள். 24 அடி மோட்டர்ஹோம் ஒண்டு செக்கன்ட் ஹாண்டா வாங்கி, ஒக்டோபரில பைப்புகளுக்குள்ள உறையாமல் இருக்கிற பிங்க் அன்ரிஃப்ரீஸ் திரவம் விட்டு டிரைவ்வேயில நிப்பாட்டிக் கிடக்கு. ஜனவரி நடுவில வெளிக்கிட்டு மூண்டு மாதம் புளோரிடாவில நிக்க யோசிக்கிறம். வெளிக்கிட முதல் தண்ணி ராங்கை நிரப்பட்டோ? வேற என்ன பாக்க வேணும்? (மார்க்கம் வாசகர்)

பதில்: தண்ணியை மட்டும் இப்ப நிரப்பிப்போடாதேங்கோ அண்ணை. 401ல வின்சர் போய், பாலம் தாண்டி அமெரிக்காவின்ர ஐ-75 ஹைவேயைப் பிடிச்சா ஒஹாயோ, கென்டக்கி எல்லாம் ஜனவரி ராவில அனேகமா மைனசிலதான் கிடக்கும். ஓடேக்க டிரைவர் பக்கத்து ஹீட்டர் உங்கட காலைச் சூடாக்குமே தவிர பின்னால கட்டிலுக்குக் கீழ போற பைப்பைச் சூடாக்காது. தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும், பைப்பும் பம்பும் அதைத் தாங்காது, அதுவும் வெடிச்சது அந்த நேரம் தெரியாது, சவுத்துக்குப் போய் ஐஸ் இளகினாப்பிறகுதான் ஒழுகத் தொடங்கும்.

அதால முதல் ரெண்டு மூண்டு நாளும் அதை வீடெண்டு நினைக்காதேங்கோ, கட்டில் வைச்ச வான் எண்டு நினைச்சு ஓடுங்கோ. குடிக்க, பல்லுத் தீட்டக் கலன்ல தண்ணி, ரொய்லெட்டுக்கு அதே பிங்க் அன்ரிஃப்ரீஸில ஒரு கப் ஊத்தி விட்டாக் காணும். கார் ரேடியேட்டருக்கு விடுற அன்ரிஃப்ரீஸ் விசம், அது தண்ணிப் பைப்புக்குக் கிட்டவும் வரக்கூடாது. கடும் குளிரெண்டா ஒரு ராவுக்கு மோட்டல் எடுங்கோ, பைப் மாத்திற காசோட பாக்கேக்க அது ஒண்டுமில்லை.

ஜோர்ஜியாவின்ர தெற்குப் பக்கம், வல்டோஸ்டா மாதிரி ஒரு இடத்தில, அடுத்த நாலைஞ்சு ராவும் பூச்சியத்துக்கு மேல எண்டு ஃபோர்காஸ்ட் சொன்னா அங்க நிண்டு தண்ணி நிரப்பிற வேலையைத் தொடங்குங்கோ. முதல் ஒவ்வொரு பைப்பா திறந்து பிங்க் நிறம் போகுமட்டும் ஓட விடவேணும், ஷவரை மறந்திடாதேங்கோ. பேந்து ராங்கில லீற்றருக்கு 1 மில்லி கணக்கில வாசமில்லாத ப்ளீச் விட்டு, எல்லாப் பைப்பாலயும் மணம் வருமட்டும் ஓடவிட்டு மூடி, ஒரு நாலு மணித்தியாலம் வைச்சு முழுக்க வெளியில விட்டிட்டு, மணம் போகுமட்டும் நல்ல தண்ணியால அலசுங்கோ.

இதில ஒண்டு கவனம். ஒக்டோபரில அன்ரிஃப்ரீஸ் விடேக்க அது சுடுதண்ணி ஹீட்டர் ராங்குக்குள்ள போகாம பைபாஸ் வால்வைத் திருப்பியிருப்பினம். எங்கட முதல் பயணத்தில நான் அந்த வால்வைத் திருப்பாமலே சுடுதண்ணி சுவிட்சைப் போட்டிட்டன், வெறும் ராங்குக்குள்ள எலமென்ட் எரிஞ்சு போச்சுது, மூண்டு நாள் கெற்றிலில தண்ணி சூடாக்கித்தான் குளிச்சனாங்கள். வால்வைத் திருப்பி, ராங்க் நிரம்பி, சுடுதண்ணிப் பைப்பால காத்தில்லாமத் தண்ணி சீரா வாறதைக் கண்ணால பாத்தாப்பிறகு மட்டும் சுவிட்சைப் போடுங்கோ.

அடுத்தது ரயர். பழைய மோட்டர்ஹோமில கட்டை தேயாமல் புதுசு மாதிரித்தான் தெரியும், ஆனா நிண்ட இடத்திலயே ரப்பர் கிழடாகிப் போயிருக்கும். ரயரின்ர பக்கத்தில டொட் (DOT) எண்டு தொடங்கிற நம்பரின்ர கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ, 3517 எண்டா 2017ம் ஆண்டு 35ம் கிழமை செய்தது, அப்பிடியெண்டா நான் அதில புளோரிடா போகமாட்டன். வெப்பநிலை கூடக் காத்தின்ர அமுக்கமும் கூடும், மைனஸ் 15ல அடிச்சது பிளஸ் 20ல நல்லாக் கூடக் காட்டும். அதுக்காக ஓடிச் சூடான ரயரிலயிருந்து காத்தை இறக்காதேங்கோ, விடிய வெளிக்கிட முதல் ரயர் குளிர்ந்திருக்கேக்க பாத்துச் சரி பண்ணுங்கோ.

சாதாரண ஈய-அசிட் பற்றறி ஃபுல் சார்ஜில 12.6 வோல்ட் காட்டவேணும், இறங்கின பற்றறி குளிரில உறைஞ்சு வெடிக்கும். லித்தியம் எண்டா பூச்சியத்துக்குக் கீழ சார்ஜ் ஏத்தவே கூடாது. கார்பன் மொனொக்சைட் எண்ட விசவாயுவைக் காட்டிக்குடுக்கிற அலாமின்ர பின்பக்கம் முடிவுத் திகதி இருக்கும், இண்டைக்கே கழட்டிப் பாருங்கோ, ஃபர்னஸ் போட்டிட்டு நித்திரை கொள்ளுற ஆக்களுக்கு உயிர் அதிலதான் இருக்கு.

கேள்வி: மூண்டு மாதம் நிண்டா பேப்பர் வேலை ஏதும் இருக்கோ? (அதே வாசகர்)

பதில்: இருக்கு. 2025 ஏப்ரலிலயிருந்து 30 நாள் அல்லது அதுக்கு மேல நிக்கிற கனேடியர் அமெரிக்காவில பதிய வேணும், ரோட்டால போனா எல்லையில ஐ-94 எண்ட வருகைப் பதிவைக் கேட்டு எடுத்தா அந்தப் பிரச்சினை முடிஞ்சுது. ஒன்ராறியோவில 12 மாதத்துக்குள்ள 153 நாளாவது நிண்டாத்தான் ஓஹிப் எண்ட மாகாண மருத்துவக் காப்புறுதி நிக்கும், உங்களுக்கு அது பயமில்லை. நான் பயப்பிடுறது ட்ராவல் இன்சூரன்ஸுக்குத்தான், பிரஷர் குளிசையின்ர அளவை டொக்டர் போன மாதம் மாத்தியிருந்தாலே வருத்தம் ஸ்டேபிள் இல்லையெண்டு கிளெய்மைத் தட்டிவிடக்கூடும், வாங்க முதல் ஸ்டேபிள் எண்டா என்னெண்டு சொல்லுற பக்கத்தை ரெண்டு பேருமா இருந்து வாசியுங்கோ.

கேள்வி: வீட்டுக்குள்ள சட்டியில நிக்கிற கறிவேப்பிலை மரத்தையும் ஏத்திக்கொண்டு போகலாமோ? மூண்டு மாதம் விட்டா பட்டுப்போமே. (ஸ்காபரோ வாசகி)

பதில்: ஏலாது அக்கா, மரமும் வேண்டாம், பச்சை இலையும் வேண்டாம். தோடை மரத்துக்கு கிரீனிங் எண்ட வருத்தத்தைப் பரப்பிற பூச்சி கறிவேப்பிலையிலயும் வாழும். அந்த வருத்தம் 2005ல புளோரிடாவில பிடிபட்டு, தோட்டம் தோட்டமா அழிஞ்சு போச்சுது, அந்தச் சனத்துக்கு அது பெரிய இழப்பு. மற்றச் சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் எல்லையில ஒளிக்காமச் சொல்லுங்கோ. மரத்தை வெளிச்சம் வாற ஜன்னலடியில வைச்சு, வீடு பாக்க வாற ஆளிட்டைக் குடுங்கோ, பனிக்காலத்தில கிழமைக்கு ஒருக்கா மண் காய்ஞ்சா மட்டும் கொஞ்சம் தண்ணி.