வைட்டமின் சி சீரம்: பாட்டிலுக்குள் நடப்பதும் முகத்தில் நடப்பதும்

முகத்துக்கான கிரீம், சீரம் தயாரிக்கும் ஆய்வகத்தில் ஃபார்முலா போடுவது என் வேலை. வைட்டமின் சி பற்றி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் தோல் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டிய கேள்வி வந்தால் அங்கே போகச் சொல்லிவிடுவேன், கோபிக்க வேண்டாம்.

தீபா, திருச்சி: அக்கா, வைட்டமின் சி போட்டால் உண்மையிலேயே என்ன ஆகும்? ஏழே நாளில் வெள்ளையாகலாம் என்று விளம்பரம் வருகிறதே?

வெள்ளை ஆக மாட்டீர்கள். ஏழு நாளிலும் இல்லை, எழுபது நாளிலும் இல்லை. பிறவி நிறத்தை எந்த சீரமும் மாற்றாது. வெயிலாலும் பருக்களாலும் கூடுதலாகச் சேர்ந்த கருமை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வைட்டமின் சி செய்யும் வேலை மூன்று. வெயில் பட்டதும் தோலுக்குள் உருவாகி செல்களைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிகல் என்ற நிலையற்ற மூலக்கூறுகளை அது அடக்குகிறது. தோலில் ஏற்கெனவே வைட்டமின் சி உண்டு, ஆனால் வெயிலில் நிற்கும்போது அந்தக் கையிருப்பு கரைகிறது. மேலே தடவுவது அதை ஈடுகட்டத்தான். அடுத்தது கொலாஜன், அதாவது தோலைத் தாங்கிப் பிடிக்கும் புரதம். கொலாஜன் இழைகளை உறுதியாக்கும் என்சைம்களுக்குள் இரும்பு அணு ஒன்று இருக்கிறது. அந்த இரும்பை வேலை செய்யும் நிலையிலேயே வைத்திருப்பது வைட்டமின் சி. அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கப்பல் மாலுமிகள் சாட்சி: ஈறில் ரத்தம், ஆறிய புண்கூடத் திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்பது அதுதான். மூன்றாவது, நிறமி. மெலனின் உருவாக்கும் டைரோசினேஸ் என்சைமுக்குத் தாமிரம் தேவை. வைட்டமின் சி அங்கே குறுக்கே புகுந்து வேலையை மந்தப்படுத்துகிறது.

பளபளப்பு சில வாரங்களில் தெரியலாம். கரும்புள்ளி மங்குவதைப் பார்க்க மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

சரவணன், மதுரை: வீட்டில் எலுமிச்சம்பழம் இருக்க, இத்தனை ரூபாய் கொடுத்து சீரம் எதற்கு மேடம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி சுமார் 40, 50 மில்லிகிராம். அதாவது 0.05 சதவீதம்கூடச் சரியாக வராது. சீரத்தில் இருப்பது 10 சதவீதம். 200 மடங்கு வித்தியாசம். சாற்றில் நிறைய இருப்பது சிட்ரிக் அமிலம். சாற்றின் பிஹெச் 2, 2.5 அளவில் இருக்கும் (பிஹெச் என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கடுமை). எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. எரிவதைப் பலர் வேலை செய்வதற்கான அடையாளம் என்று நம்புவதுதான் வேடிக்கை.

இதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. எலுமிச்சை வகைகளில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் தீக்காயம் மாதிரி சிவந்து கொப்பளிக்கும். ஆறிய பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். கருமையைப் போக்கப் போய்க் கருமையை வாங்கி வருகிற கதை. எலுமிச்சையைச் சாதத்தில் பிழியுங்கள்.

நெல்லிக்காய் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். எலுமிச்சையைவிட அதில் பல மடங்கு அதிகம், உண்மை. அப்போதும் ஒரு சதவீதத்தைத் தொடாது. தோலுக்குள் இறங்கும் வடிவத்திலும் இல்லை.

சரவணன்: அப்படியானால் நெல்லிக்காயைச் சாப்பிட்டால் முகத்துக்கும் போய்ச் சேருமே?

சேரும், ஒரு எல்லை வரை. நம் உடலால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. பெரும்பாலான விலங்குகளால் முடியும், நமக்கு அந்த மரபணு பழுதாகிக் கிடக்கிறது. ஆகவே சாப்பிட்டே ஆக வேண்டும். ஆனால் தினமும் 200 முதல் 400 மில்லிகிராம் அளவிலேயே ரத்தம் நிரம்பிவிடும். அதற்கு மேல் விழுங்குவதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். நல்ல கொய்யாப்பழம் ஒன்று போதும். தோலில் அதைவிட அதிகம் சேர வேண்டுமானால் மேலேதான் தடவ வேண்டும்.

நித்யா, சென்னை: லேபிளில் என்ன பார்த்து வாங்குவது? 5, 10, 20, 30 சதவீதம் என்று என்னென்னவோ போட்டிருக்கிறது.

சதவீதத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில், எந்த வகை வைட்டமின் சி என்று பாருங்கள்.

அதிகம் ஆராயப்பட்டது எல்-அஸ்கார்பிக் அமிலம், அதாவது மாற்றம் எதுவும் செய்யாத நேரடி வைட்டமின் சி. டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் பின்னெல் குழு 2001 இல் வெளியிட்ட ஆய்வைத்தான் எங்கள் துறையில் எல்லோரும் அடிப்படையாக வைத்துக்கொள்கிறோம். அமிலக் கரைசலின் பிஹெச் 3.5க்குக் கீழே இருந்தால்தான் அது தோலுக்குள் இறங்குகிறது. 20 சதவீதம் வரை உறிஞ்சுதல் கூடுகிறது, அதற்கு மேல் போனால் குறைகிறது. உள்ளே போனது பாதியாகக் குறையச் சுமார் நான்கு நாள் ஆகிறது. பன்றித் தோலில் செய்த ஆய்வு இது, மனிதத் தோலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் இரண்டு விஷயம் தெளிவு. 30 சதவீதம் என்று பெருமையாகப் போட்டிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். ஒரு நாள் போட மறந்தாலும் குடி முழுகாது.

அடுத்தது, மாற்றியமைத்த வடிவங்கள். சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட், மெக்னீசியம் அஸ்கார்பைல் பாஸ்பேட், அஸ்கார்பைல் குளுக்கோசைட், எத்தில் அஸ்கார்பிக் ஆசிட் என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். தோலுக்குள் போய் இவை அஸ்கார்பிக் அமிலமாக மாற வேண்டும். எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஆதாரம் குறைவு. ஆனால் இவை எளிதில் கெடாது, அவ்வளவாக எரிக்காது. பரு உள்ளவர்களுக்கு சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் 5 சதவீதத்தில் உதவியதாக ஆய்வு இருக்கிறது.

என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. ஏசி இல்லாத வீடு, வெயிலில் சுற்றும் வேலை, பாட்டிலை மூன்று மாதம் இழுத்து வைத்துத் தீர்க்கும் பழக்கம் என்றால் எல்-அஸ்கார்பிக் அமிலத்தின் பக்கம் போகாதீர்கள். பாட்டிலிலேயே செத்துப் போன நல்ல மருந்தைவிட, உயிரோடு இருக்கும் சுமாரான மருந்து மேல். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பேன், ஒழுங்காகத் தினமும் போடுவேன் என்பவர்கள் 10 சதவீதத்தில் தொடங்கி 15 வரை போகலாம்.

ஃபாத்திமா, காயல்பட்டினம்: என் சீரம் வாங்கும்போது தண்ணீர் மாதிரி இருந்தது. இப்போது ஆரஞ்சு நிறம். விரல் நுனியும் மஞ்சளாகிறது. போடலாமா?

வேண்டாம். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் பட்டால் அஸ்கார்பிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து வரிசையாகச் சிதைகிறது. அப்படிச் சிதையும்போது உருவாகும் பொருள்களில் ஒன்று எரித்ருலோஸ். வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்கும் செல்ஃப் டேனிங் கிரீம்களில் போடுவது அதே பொருள்தான். உங்கள் விரல் கறை அதனுடையது.

இளமஞ்சள் வரை பரவாயில்லை. டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் அது முடிந்தது. சில கம்பெனிகள் முதலிலேயே ஆரஞ்சுச் சாயம் சேர்த்துவிடுகின்றன, கெட்டது தெரியவே தெரியாது. எனக்கு அந்த வழக்கம் பிடிக்காது.

ஆய்வகத்தில் ஒரு பேட்ச் எவ்வளவு காலம் தாங்கும் என்று அறிய 40 டிகிரி சூட்டில் மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்போம். மே மாதத்தில் நம் ஊர் டெலிவரி வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடர்பழுப்புக் கண்ணாடி அல்லது காற்றுப் புகாத பம்ப் பாட்டில் பார்த்து வாங்குங்கள். குளியலறையில் வைக்காதீர்கள். தயாரித்த தேதி பழசு என்றால் தள்ளுபடி விலைக்கு மயங்காதீர்கள்.

பெயர் வேண்டாம், கோவை: சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து ரோஸ் வாட்டரில் கலந்து போடச் சொல்கிறார்கள்...

அந்த மாத்திரையில் சர்க்கரை, நிறம், மணம், ஒட்டவைக்கும் பொருள் எல்லாம் இருக்கிறது. பிஹெச் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, சொல்லிக் கொடுத்தவருக்கும் தெரியாது. கரையாத துகள் முகத்தைக் கீறும். தண்ணீரில் துளி இரும்போ தாமிரமோ இருந்தால் வைட்டமின் சி இன்னும் வேகமாகக் கெடும். மாத்திரையை வாயில் போடுங்கள்.

கார்த்திக், சிங்கப்பூர்: காலையிலா, இரவிலா? நியாசினமைடு, ரெட்டினால் கூடப் போடலாமா?

காலையில். முகம் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நான்கைந்து சொட்டு சீரம். பிறகு மாய்ஸ்சரைசர், அதன் மேல் சன்ஸ்கிரீன். ஈர முகத்தில் போட்டால் சிலருக்குக் கூடுதலாகச் சுள்ளென்று இருக்கும்.

காலை என்பதற்குக் காரணம் வெயில். 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ இரண்டும் சேர்ந்த கரைசல் தோலுக்குச் சுமார் நான்கு மடங்கு ஒளிப் பாதுகாப்பு தந்தது. அதோடு தாவரங்களில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை அரை சதவீதம் சேர்த்ததும் அது ஏறக்குறைய எட்டு மடங்கானது. பின்னெல் குழுவே 2005 இல் வெளியிட்டது இது. லேபிளில் ஃபெருலிக் இருந்தால் நல்லது என்று சொல்வது இதனால்தான். இதைப் படித்துவிட்டு சன்ஸ்கிரீனை நிறுத்திவிடாதீர்கள். சன்ஸ்கிரீன் போடாதவர் வைட்டமின் சி வாங்குவது காசைக் கரைப்பது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சன்ஸ்கிரீனை வாங்குங்கள்.

நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) கூடாது என்பது பழைய பயம், தாராளமாகச் சேர்க்கலாம். ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) இரவுக்கு. பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு வைட்டமின் சியைக் கெடுத்துவிடும், இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்.

கவிதா, ஈரோடு: ஐந்து மாத கர்ப்பம். இரண்டு கன்னத்திலும் மங்கு வந்திருக்கிறது. போடலாமா அக்கா?

மேலே தடவும் வைட்டமின் சி கர்ப்பத்தில் பொதுவாகப் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. ரெட்டினால் வகைகளும், கருமையைக் குறைக்கத் தடவும் ஹைட்ரோகுவினோனும் இப்போது வேண்டாம். எதற்கும் உங்கள் மருத்துவரிடம் பாட்டிலைக் காட்டிவிடுங்கள்.

மங்குக்கு ஹார்மோனும் வெளிச்சமும் சேர்ந்து காரணம். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சம்கூட அதைத் தூண்டும், நம் நிறத்தவர்களுக்கு இது கூடுதல். அதனால் அயர்ன் ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீன் வெறும் வெள்ளை சன்ஸ்கிரீனைவிட உதவும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்குத் தானாகவே குறைகிறது. இப்போதே அவசரப்பட்டுப் பெரிய சிகிச்சைக்குப் போக வேண்டாம்.

மணிகண்டன், சேலம்: என் தம்பிக்குப் பின்கழுத்து கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சீரம் பலன் தருமா?

தராது. தேய்ப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள், அது அழுக்கு இல்லை. நீங்கள் சொல்வது அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் போலிருக்கிறது. உடல் எடை கூடி, இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது வருவது. தம்பிக்கு வெறும் வயிற்றில் சர்க்கரையும், மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியும் பாருங்கள். எடை குறைந்தால் கழுத்தும் மெல்லத் தெளியும்.

பெயர் வேண்டாம், விழுப்புரம்: மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த கிரீமில் பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது, பரு வருகிறது. அதற்குப் பதில் வைட்டமின் சிக்கு மாறலாமா?

இப்போது எதையும் புதிதாகப் போடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஸ்டீராய்டு கலந்த கிரீமைக் காட்டுகின்றன. தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, கிரீம் இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு முகம் வந்துவிடும். பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 இலேயே மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. விற்பனை நின்றபாடில்லை. டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

லேபிளே இல்லாத வெளுப்புக் கிரீம்கள் இன்னும் மோசம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவற்றைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்த செய்தி 2023 இல் வந்தது. காரணம் பாதரசம்.

இதே வரிசையில், வெள்ளையாவதற்காக குளுட்டாதயோனும் வைட்டமின் சியும் ட்ரிப் ஏற்றலாமா என்று கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சி நரம்பில் ஏறினால் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீரகக் கல் ஆபத்தும் உண்டு.

ஜெயந்தி, நாகர்கோவில்: மகளுக்கு 12 வயது. கூடப் படிப்பவர்கள் எல்லாம் போடுகிறார்களாம்.

அந்த வயதில் சன்ஸ்கிரீன் போதும். மிச்சக் காசுக்குக் கொய்யாப்பழம்.

அருண், தூத்துக்குடி: ஷேவ் செய்ததும் போட்டேன். உயிர் போய்விட்டது.

போகத்தான் செய்யும். பிளேடு பட்ட தோலில் பிஹெச் 3 உள்ள அமிலம்! ஷேவ் செய்யும் நாளில் இரவில் போடுங்கள், இல்லையென்றால் அன்று விட்டுவிடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோருமே காதுக்குப் பின்னால் இரண்டு மூன்று நாள் தடவிப் பார்த்துவிட்டு, வாரம் மூன்று நாள் என்று ஆரம்பிக்கலாம். லேசான குறுகுறுப்பு ஒரு நிமிடத்தில் அடங்கினால் சரி. சிவந்து, தோல் உரிந்தால் அந்த சீரம் உங்களுக்கு ஆகாது. சதவீதம் குறைவானதற்கோ பாஸ்பேட் வகைக்கோ மாறுங்கள்.

ஃபாத்திமா: அக்கா, ஆரஞ்சு நிறமான சீரம் பாதிப் பாட்டில் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை. முழங்கைக்காவது தடவலாமா?

முழங்கையும் மஞ்சளாகும், வேறு பலன் இல்லை. கொட்டிவிடுங்கள். அடுத்த முறை 30 மில்லிக்குப் பதில் 15 மில்லி வாங்குங்கள், மூடியில் திறந்த தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.