துப்பாக்கி இருந்தும் குறுக்கே போகாதது கோழைத்தனமா?

அமெரிக்காவின் டென்வர் நகரில் மளிகைக்கடைக் கொள்ளையின்போது, இடுப்பில் துப்பாக்கி இருந்தும் எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன், நான் கோழையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை நண்பரே. பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவன் முன்னால் துப்பாக்கியை உருவினால்தான் உயிர் போகும் ஆபத்து.

உங்கள் பக்கத்து ஊர் அர்வாடாவில் 2021 ஜூன் 21 அன்று நடந்ததைப் பாருங்கள். போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றவனை ஜானி ஹர்லி என்பவர் சுட்டு வீழ்த்தினார். அப்புறம் அவனுடைய ரைஃபிளைக் கையில் எடுத்தார். அங்கே வந்த இன்னொரு போலீஸ்காரர் இவரைத்தான் கொலையாளி என்று நினைத்துச் சுட்டுவிட்டார். ஹர்லி செய்தது சரிதான். ஆட்களைச் சுட்டுக்கொண்டிருப்பவனைத் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் கல்லாப்பணத்துக்காக வேண்டாம். அவசர உதவி எண்ணான 911-க்கு அழைத்து அவன் சட்டை நிறம், ஓடிய திசை எல்லாம் சொன்னீர்களே, அதுவே பெரிய உதவி. என்றாவது சுட்டே ஆக வேண்டி வந்தால், ஆபத்து நீங்கியதும் துப்பாக்கியை உறையில் வைத்துவிட்டு, போலீசுக்கு வெறுங்கை தெரியும்படி நில்லுங்கள்.