வேஸ்ட் ஆயிலை அசிட்டிக் ஆசிட் போட்டுத் தெளிய வைக்கலாமா? கேள்வி பதில்

பழைய எஞ்சின் ஆயிலைச் சுத்தம் செய்வது பற்றி நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, முதுநகரில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கேன். கறுத்த ஆயிலில் வினிகர் ஊத்தினா தெளிஞ்சிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

தெளியாது தம்பி. வினிகரில் அசிட்டிக் ஆசிட் நூற்றுக்கு நாலிலிருந்து எட்டு பங்குதான், மீதியெல்லாம் தண்ணீர், அதை ஆயிலில் கலக்கினால் பழுப்பாகக் குழம்பி நிற்கும், அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் எடுப்பது தண்ணீர் கிட்டத்தட்ட இல்லாத கிளேசியல் அசிட்டிக் ஆசிட். ஆயில் கறுப்பதற்கு முக்கியக் காரணம் கரித்தூள். அது அடியில் படியாமல் மிதக்க வேண்டும் என்றுதான் ஆயிலில் டிஸ்பர்சன்ட் சேர்க்கிறார்கள். ஆசிட் அந்தப் பிடியைக் குலைத்துவிடும், தூளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து இறங்கும். ஒரு மணி நேரம் கலக்கி ஒரு நாள் அசைக்காமல் வைத்தால் அடியில் தார் மாதிரி ஒரு படிவு, மேலே கருஞ்சிவப்பாக ஆயில். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் இருக்கிறதே, அந்தக் கயோலின் வகையோடு சேர்த்து வடித்தால் நிறம் இன்னும் வெளுக்கும்.

சார், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். கந்தக அமிலத்தைவிட இது மைல்டுதானே, வீட்டு மாடியிலேயே செய்யலாமா?

மாடியில் வேண்டவே வேண்டாம், காலேஜ் லேபில் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் செய்யுங்கள். கந்தக அமிலம் அழுக்கோடு ஆயிலையும் சேர்த்துத் தின்றுவிட்டு, எங்கே கொட்டுவது என்று தெரியாத அமிலச் சேற்றை விட்டுப் போகும். அசிட்டிக் ஆசிட், சேர்மானங்கள் போக மீதியுள்ள அடிப்படை ஆயிலை அதிகம் தொடாது, மைல்டு என்பது அந்த அர்த்தத்தில்தான். ஆனால் கையில் பட்டால் தோல் வெந்துவிடும். சுமார் 40 டிகிரியில் அதன் ஆவி ஒரு தீப்பொறி பட்டாலே தீப்பிடிக்கும், அக்னி நட்சத்திர வெயிலில் நம் ஊர் மொட்டை மாடி அந்தச் சூட்டைத் தாண்டிவிடும்.

தேங்காய்த்திட்டில் போட் வைத்திருக்கிறேன். தெளிந்த ஆயிலை எஞ்சினில் திரும்ப ஊற்றலாமா?

ஊற்றாதீங்க அண்ணே. நிறம் தெளிந்தாலும் உள்ளே கலந்த டீசல் அப்படியே இருக்கும், பிசுபிசுப்பு குறைந்துபோயிருக்கும். தேய்மானத்தைத் தடுக்கிற சேர்மானங்களும் இருக்காது, மிச்ச ஆசிட் பேரிங்கை அரிக்கும். நடுக்கடலில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? அடிப்படை ஆயில் லேசில் கெட்டுப்போவதில்லை என்பது உண்மைதான், ஆனால் அதை மீட்க வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, புதுச் சேர்மானம் கலக்க வேண்டும். அது ஆலை வேலை.

கான்கிரீட் ஒட்டாம இருக்க சென்ட்ரிங் தகட்டுக்குப் பூசத்தானே எல்லாரும் வாங்குறாங்க, அதுக்காவது கொடுக்கலாமா?

அதுவும் கூடாது. பழைய ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன, வெறும் கையால் பூசுகிறவர் தோலுக்குள் அது போகும். மழை வந்தால் வழிந்து வாய்க்கால், உப்பனாறு என்று இறங்கும். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். கடலூர்க்காரர்கள் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும், புதுச்சேரிக்காரர்கள் அங்குள்ள மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்திடமும் விசாரியுங்கள். அதுவரை மூடியுள்ள பேரலில் தனியாகச் சேருங்கள். பிரேக் ஆயில், கூலன்ட், தின்னர் எதுவும் அதில் விழக்கூடாது, விழுந்தால் ஆலைக்காரர் பேரலையே திருப்பி அனுப்பிவிடுவார்.