கூர்நோக்கு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. போன வருடம் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படித்த பையன் ஒருவன் சக மாணவனை அரிவாளால் கையில் வெட்டிவிட்டான். பஸ்ஸில் சீட் தகராறு என்று எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது. சாதிதான் காரணம் என்று ஊருக்கே தெரியும். வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வந்தான். அவன் தெருவில் அவனுக்கு ஃபிளெக்ஸ் வைக்காத குறைதான். இப்போது திரும்பவும் பள்ளிக்கு வரவேண்டும் என்கிறான். வெட்டுப்பட்ட பிள்ளைக்கு இன்னும் இரண்டு விரல் மடங்கவில்லை, பேனா பிடிக்கச் சிரமப்படுகிறான்.

2023இல் நாங்குநேரியில் நடந்ததைப் பார்த்தோம். பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அண்ணனையும் தங்கையையும் வெட்டினார்கள். புனேயில் காரை ஏற்றி இரண்டு பேரைக் கொன்றவனை 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி அனுப்பினார்கள். பதினேழு வயதில் அரிவாளைத் தூக்கத் தெரிந்தவனுக்கு அது என்ன செய்யும் என்று தெரியாதா? நீங்கள் கூர்நோக்கு இல்லத்துப் பையன்களோடு பழகியதாக எழுதியிருந்தீர்கள். அவனை நான் என் வகுப்பில் உட்கார வைக்க வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தக் கட்டுரை. அது எல்லோருக்கும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது, எனக்கும்தான்.

2024 மே 19 அதிகாலை நடந்தது அது. பைக்கில் போன இரண்டு இளம் பொறியாளர்கள் செத்துப்போனார்கள். காரை ஓட்டியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையனுக்கு அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது. கட்டுரையோடு, போக்குவரத்துப் போலீசாருடன் 15 நாள் வேலை, மது குறித்த ஆலோசனை என்று நிபந்தனைகளும் இருந்தன. கட்டுரை மட்டும்தான் நம் காதில் விழுந்தது. பின்பு, குடித்திருந்தானா என்று பார்க்க எடுத்த ரத்த மாதிரியையே மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டில் அரசு மருத்துவர்கள் இருவரும், பையனின் அப்பா அம்மாவும் கைதானார்கள். நாடு கொதித்ததும் பையனைக் கூர்நோக்கு இல்லத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அது சட்டப்படி செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஜூன் 25 அன்று வெளியே விட்டது.

இப்போது இன்னொரு 17 வயதுப் பையன். 2022 டிசம்பர் கடைசி வாரம், ரயில்வே பேட்டரி திருடினான் என்று தாம்பரத்தில் பிடிபட்டவன், செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். புத்தாண்டு பிறப்பதற்குள் செத்துப்போனான். அடித்துக் கொன்றதாக இல்லத்து ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான் டீச்சர், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். அதன் 12ஆம் பிரிவு என்ன சொல்கிறது? சிறுவன் என்றால், ஜாமீனில் விடத்தகாத குற்றமாகவே இருந்தாலும் பொதுவாக ஜாமீன் கொடு. வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கே ஆபத்து, நீதி கெடும் என்று தோன்றினால் மட்டும் மறு. புனேயில் அந்தப் பிரிவு பையனின் வீட்டு வாசல் வரை போய் அவனை இறக்கிவிட்டது. பேட்டரிப் பையன் விஷயத்தில் அது இருந்த இடமே தெரியவில்லை. ஆகவே சட்டம் இளக்காரமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், யாரிடம் என்று கேட்கத் தோன்றுகிறது.

‘தெரியாதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியும். 16 வயதைத் தாண்டியவனுக்கு அது தெரிந்திருக்கலாம் என்பதைச் சட்டமே இப்போது ஒப்புக்கொள்கிறது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் சிறுவனாக இருந்தவன் மூன்று வருடம் முடிந்து 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 15ஆம் பிரிவுப்படி, 16 முதல் 18 வயதுக்குள் கொடுங்குற்றம் செய்தவனுடைய மனநிலை, உடல்திறன், விளைவு புரிந்திருந்ததா என்பதையெல்லாம் சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் ஆராய்ந்து, பெரியவனைப் போல விசாரிக்க அனுப்பலாம். கொடுங்குற்றம் என்றால் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமாக இருக்க வேண்டும். அதிகபட்சத்தைப் பார்த்தால் போதாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை முயற்சிக்குக் குறைந்தபட்சம் என்று ஒன்றும் கிடையாது. அதனால் வழக்கில் கொலை முயற்சிப் பிரிவு மட்டும் இருந்தால் உங்கள் மாணவனை அப்படி அனுப்ப முடியாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தால் கணக்கு மாறலாம். அதை வக்கீல்கள் வாதாடட்டும்.

இதெல்லாம் டெல்லியில் உட்கார்ந்து புதிதாக யோசித்ததும் இல்லை. இந்தியாவில் சிறுவர்களுக்கென்று மாகாண அளவில் முதலில் வந்தது 1920ஆம் ஆண்டு சென்னைச் சிறுவர் சட்டம்தான். வங்காளமும் பம்பாயும் பிற்பாடுதான் வந்தன. நூறு வருடப் பழக்கம் நமக்கு. அந்த நூறு வருடத்தில் நல்ல பெயர்களைக் கண்டுபிடித்தோம். ‘கூர்நோக்கு இல்லம்’ என்ற பெயரை யார் வைத்தார்களோ, கையெடுத்துக் கும்பிட வேண்டும். அப்சர்வேஷன் ஹோம் என்பதில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது. ஒருவனைக் கூர்ந்து நோக்குவது என்றால் லேசான காரியமா?

நான் இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் அப்படி ஓர் இல்லத்துக்குக் கதை சொல்லப் போய்வந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரே ஹால், ஜன்னலுக்குக் கம்பி வலை, ஒரு கேரம் போர்டு. அதில் கறுப்புக் காய் நான்கு குறையும், சோடா மூடி வைத்து ஆடுவார்கள். பையன்களுக்குள் பெயரே புழங்காது. ‘செயின்’, ‘பைக்’, ‘கஞ்சா’, ‘முந்நூத்தி ரெண்டு’ (கொலை வழக்கு) என்று வழக்கைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். முந்நூத்தி ரெண்டுக்குத்தான் மரியாதை. சாப்பாட்டு வரிசையில் அவன் முன்னால் நிற்பான், புதிதாக வந்தவன் அவன் தட்டைக் கழுவுவான். செல்போன் திருடி வந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன், தான் கத்தியால் குத்திவிட்டு வந்ததாக எல்லோரிடமும் பொய் சொல்லிவைத்திருந்தான். என்னிடம் மட்டும் ரகசியமாக உண்மையைச் சொன்னான். வெளியே சொல்லிவிடாதீர்கள் சார் என்று கெஞ்சினான்.

என்னைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான், “சார், எனக்கு எப்ப வாய்தா?” விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், வேண்டுமானால் இன்னும் இரண்டு மாதம் என்கிறது சட்டம். சின்னக் குற்றம் அந்தக் கெடுவுக்குள் முடியாவிட்டால் வழக்கையே கைவிட வேண்டும். இதை நான் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். கதைக்காரர் இன்னொரு கதை சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

சட்டத்தின் உயிர்நாடி வேறு ஒரு காகிதத்தில் இருக்கிறது. பையன் பிடிபட்டதும் நன்னடத்தை அலுவலர் அவன் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் விசாரித்து, இரண்டு வாரத்தில் குழுமத்துக்கு அறிக்கை தர வேண்டும். அவன் எந்தச் சூழலிலிருந்து வந்தான், யார் பேச்சைக் கேட்பான், எதற்குப் பயப்படுவான், எல்லாம் அதில் வர வேண்டும். குழுமத்தில் உறுப்பினராக இருந்த தோழி ஒருவர் சொன்னார்: “அச்சடித்த படிவத்தில் ‘குற்றத்துக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘கெட்ட சகவாசம்’ என்று நிரப்பி அனுப்புவார்கள். எந்தப் பையனுக்கும் அதே பதில்தான். யாருக்கு யார் கெட்ட சகவாசம் என்று நான் குழம்பிப்போவேன்.” அந்த அலுவலர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒருவர் தலையில் அத்தனை கோப்பு.

உங்கள் மாணவனைப் பற்றி ஒழுங்காக விசாரித்து எழுதிய அறிக்கையாக இருந்தால், அதில் பஸ் சீட்டா வந்திருக்கும்? அரிவாளை எடுத்துக் கொடுத்த கை யாருடையது, அவன் மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டவர் யார், திரும்பி வந்த அன்று தெருமுனையில் காத்திருந்தவர்கள் யார் யார் என்று வந்திருக்கும். அவர்களெல்லாம் 18 வயதைத் தாண்டியவர்கள். ஒன்றரை மாதம் உள்ளே இருந்தவனிடம் அவர்களைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? அவர்களைப் பொறுத்தவரை அந்த ஒன்றரை மாதம் அவனுக்குக் கிடைத்த பட்டம்.

செங்கல்பட்டு மரணத்துக்குப் பிறகு, இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. இல்லங்களுக்கென்றே தனித்துறை வேண்டும் என்று 2023 நவம்பரில் அவர் அறிக்கை தந்தார். நாங்குநேரிக்குப் பிறகு பள்ளிகளில் சாதி பற்றி ஆராய அமைத்த குழுவுக்கும் அவரேதான். இரண்டு கோப்புகளும் ஒரே மேஜைக்குப் போனது தற்செயலாக இருக்கலாம். ஆனால் உங்கள் வகுப்பறையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கோப்புதான்.

ஓர் இடத்தில் உங்கள் கோபத்தோடு முழுக்க நிற்கிறேன். வெட்டுப்பட்டவன். இந்தச் சட்டம் அவனை ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. வெட்டியவனுக்கு ஆலோசகர், பராமரிப்புத் திட்டம், பழைய பதிவுகளை அழிப்பது என்று காகிதத்திலாவது எல்லாம் இருக்கிறது. மடங்காத விரலுக்கு அதில் பிரிவு கிடையாது. நானும் இரண்டு வருடம் போனது இல்லத்துக்குத்தான். வெட்டுப்பட்ட எந்தப் பையன் வீட்டுக்கும் போய்க் கதை சொன்னதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் அது உறைத்தது.

சரி, உங்கள் கேள்வி. பையன் படிக்க வேண்டும், டி.சி.யைக் கிழித்துக் கொடுத்து அனுப்புவது சரியில்லை. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. பள்ளியும் கைவிட்டால் மிச்சம் இருப்பது அந்தத் தெருமுனைதான். ஆனால் உங்கள் வகுப்பில், அந்த விரல்களுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி, வேண்டாம். யார் இடம் மாற வேண்டும் என்ற பேச்சு வந்தால் வெட்டியவன்தான் மாற வேண்டும். வெட்டுப்பட்ட பிள்ளையின் அம்மா பயந்துபோய் அவனை வேறு பள்ளியில் சேர்க்கிறேன் என்பார், தலைமையாசிரியருக்கும் அதுதான் சுலபம். அதற்கு விடாதீர்கள். பொதுத்தேர்வில் அவனுக்கு எழுதித்தர ஒரு ஆளும் கூடுதல் நேரமும் கேட்டு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். மருத்துவச் சான்றிதழ் வாங்கவே ரொம்ப நாள் இழுக்கும்.

அப்புறம், வெட்டியவனின் நன்னடத்தை அலுவலர் யார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று அவரையும் வைத்துப் பேசுங்கள். அந்த அறிக்கையில் பள்ளியிடம் விசாரித்ததாக ஏதாவது எழுதியிருக்கிறதா, அப்படியென்றால் உங்கள் பள்ளியில் யாரிடம் கேட்டார்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.