இடுப்பு வலிக்கு மேசையை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 49, உயரம் 5 அடி 3 அங்குலம். திருமங்கலத்தில் மரப்பட்டறை வைத்து நிலை, கதவு, பூஜை மாடம் செய்து வருகிறேன். என் தந்தை காலத்து மேசைதான் இன்றும் இருக்கிறது. அதன் உயரம் 28 அங்குலம். இழைக்கும் நாட்களில் மாலையானால் இடுப்பு நிமிர மறுக்கிறது. செதுக்கு வேலை உள்ள நாட்களில் பிடரி வலிக்கிறது. இரண்டு மாதமாக வலது காலில் குதிகால் வரை இழுக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையில்தான் வேலை ஓடுகிறது. உடன் வேலை செய்யும் மகன் 5 அடி 9 அங்குல உயரம். உயரத்தை ஏற்றி இறக்கும் மேசை வாங்கலாம் என்கிறான். வலிக்கும் மேசைக்கும் சம்பந்தம் உண்டா, டாக்டர்?

பதில்: உண்டு. இழைத்தால் இடுப்பு, செதுக்கினால் பிடரி என்று நீங்களே பிரித்து எழுதியிருப்பது நோயைக் கண்டறிவதில் எனக்குப் பாதி வேலையைக் குறைத்துவிட்டது. மேசை மாறவில்லை, அதன் உயரம் மாறவில்லை; வேலை மாறும்போது வலிக்கும் இடம் மட்டும் மாறுகிறது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் அமைந்த டிஸ்க்குகள் உள்ளன. ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் 1960-களில் இடுப்புப் பகுதி டிஸ்க்குக்குள் ஊசியைச் செலுத்தி, உடலின் ஒவ்வொரு நிலையிலும் அங்கு ஏற்படும் அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது உள்ள அழுத்தத்தை 100 என்று கொண்டால், முன்னால் குனியும்போது அது ஏறத்தாழ 150 ஆகிறது. கையில் சுமையோடு குனிந்தால் 200-ஐத் தாண்டுகிறது. கீழே விழுந்த உளியை எடுக்க ஒரு முறை குனிவதால் கெடுதல் இல்லை. அதே குனிவில் மணிக்கணக்காக நிற்பதுதான் டிஸ்க்கையும் அதைத் தாங்கும் தசைகளையும் களைக்கச் செய்கிறது.

அப்படியானால் மேசையை ஒரேயடியாக உயர்த்திவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. முழங்கையை மடக்கி நின்றால் உங்கள் முழங்கை தரையிலிருந்து சுமார் 40 அங்குல உயரத்தில் இருக்கும். இழைப்புளியைத் தள்ளும்போது உடல் எடை கை வழியாக மரத்தில் இறங்க வேண்டும் என்பதால், அந்த வேலைக்கு மேசை முழங்கைக்குக் கணிசமாகக் கீழே, உங்களுக்கு 30 அல்லது 31 அங்குலத்தில் இருப்பது நல்லது. பூஜை மாடத்தில் கொடியும் பூவும் செதுக்கும்போதோ கண் கையைத் தேடி வருகிறது. மரம் முழங்கைக்கு 2 முதல் 4 அங்குலம் மேலே இருந்தால்தான் கழுத்து வளையாது. ஆக, ஒரே மனிதருக்கே இரண்டு வேலைகளுக்கு நடுவில் ஏறத்தாழ ஓர் அடி வித்தியாசம் வருகிறது. 28 அங்குல மேசை இழைப்புக்குச் சற்றுத் தாழ்வு, செதுக்குக்கு மிகவும் தாழ்வு. அதையே 42 அங்குலமாக நிரந்தரமாக உயர்த்தினால், இழைக்கும் நாளில் தோளைத் தூக்கித் தூக்கி, இடுப்பு வலிக்குப் பதிலாகத் தோள் வலியோடு எனக்கு எழுதுவீர்கள். அலமாரியை நிறுத்திப் பூட்டும் வேலைக்கு 20, 24 அங்குலம்கூடப் போதும். உங்கள் மகனுக்கு இழைப்பு, செதுக்கு அளவுகள் ஏறத்தாழ 3 முதல் 4 அங்குலம் கூடும்.

இது எங்களுக்கும் புதிதல்ல. அறுவை அரங்கில் மேசையை மிதிகட்டையால் ஏற்றி இறக்கி, அறுவை செய்பவரின் முழங்கைக்குச் சரிசெய்த பிறகுதான் கத்தியைக் கையில் எடுப்போம். உதவிக்கு நிற்பவர் குள்ளமானால் காலுக்குக் கீழே ஒரு படியைப் போட்டுக்கொள்வார். பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், உயரம் மாறாத கட்டிலில் இரவெல்லாம் காயங்களுக்குத் தையல் போட்டு, விடியும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் நான் நின்றதுண்டு.

எனவே உங்கள் மகன் சொல்வது சரியே. ஆனால் வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, உயரத்தை மாற்ற அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்குமானால், மூன்றாம் நாளே அது பழைய மேசை போல ஒரே உயரத்தில் நின்றுவிடும் என்பது என் எண்ணம். மற்றொன்று, அது ஆடக் கூடாது. ஆடும் மேசையில் இழைக்கும்போது ஆட்டத்தை அடக்க முதுகுத் தசைகளே இறுகி நிற்க வேண்டியிருக்கும். ஜாக்கியால் ஏற்றும் வகையானால், ஏற்றிய பின் குறுக்கே இரும்புக் கம்பியைச் செருகிப் பூட்டும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். பாரத்தை ஜாக்கியின் மேலேயே விட்டு வேலை செய்யாதீர்கள்.

பணம் புரளும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பழைய மேசையின் கால்களுக்கடியில் நகராதபடி 3 அங்குலக் கட்டைகளைப் பொருத்துங்கள். செதுக்கு வேலைக்கு, மேசை மேல் வைத்துப் பூட்டும்படி 12 அங்குல உயரத்தில் ஒரு குட்டி மேடை செய்துகொள்ளுங்கள். அதைச் செய்யும் விதத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரம் அப்படி வேலை செய்து, உடம்புக்கு ஒத்துவரும் அளவுகளைச் சுவரில் குறித்து வைத்தால், புது மேசை எதுவரை ஏற வேண்டும், எதுவரை இறங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இனி காலுக்கு வருகிறேன். குதிகால் வரை இழுப்பது, டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் இருக்கலாம். மேசையை மாற்றுவதால் மட்டும் அது தீர்ந்துவிடும் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள். இந்த வாரமே மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலோ உங்களுக்கு வசதியான எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். படுத்த நிலையில் காலை நீட்டித் தூக்கிப் பார்க்கும் எளிய சோதனையிலேயே அவருக்குப் பாதி விளங்கிவிடும். ஸ்கேன் தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். படுக்கையில் கிடந்து ஓய்வெடுக்க வேண்டாம்; நடமாட்டம் நல்லது. பாதம் தூக்க முடியாமல் தொய்ந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, அமரும் இடம் மரத்துப்போனாலோ அந்த நேரமே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கடையில் வாங்கும் வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவது இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்துக்குச் சேதத்தையும் உண்டாக்கக்கூடும். மருத்துவரிடம் போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துச் சென்று காட்டுங்கள்.