முன்றில்னா என்ன அர்த்தம்? முற்றம், வாசல் எல்லாம் அதுதானா?

வீட்டுக்கு முன்னாடி இருக்கிற திறந்த இடம், அதுதாங்க முன்றில். "இல்முன்"ங்கிறது முன்பின்னா மாறி நின்னு முன்றில் ஆயிடுச்சு, நடுவுல ஒரு ற் வந்து சேந்துக்குது, அதுக்குன்னே தொல்காப்பியத்துல தனியா விதி இருக்கு. ஸ்கூல்ல இலக்கணப் போலின்னு படிச்சிருப்பீங்களே, அதேதான்.

வாசலும் அந்த ஜாதிதான். இல்வாய், வாயில் ஆகி பேச்சுல வாசல் ஆச்சு. நியாயமா அது கதவு இருக்கிற இடத்துக்குத்தான் பேரு, ஆனா "வாசல் தெளிச்சாச்சா"ன்னு கேட்டா யாரும் நிலைப்படில தண்ணி ஊத்தறதில்ல, வெளிய தரையிலதான் தெளிக்கிறோம், கோலமும் அங்கதான். ஆக முன்றிலோட வேலைய இப்ப வாசல் பாத்துக்கிட்டு இருக்கு.

முற்றம்னு எழுதறப்ப மட்டும் கொஞ்சம் கவனம். செட்டிநாட்டு வீட்ல முற்றம்னா வீட்டுக்கு உள்ள, சுத்தி தாழ்வாரம், நடுவுல வானம் தெரியும். யாழ்ப்பாணத்துல வீட்டுக்கு முன்னால இருக்கிற மணல்தரைதான் முற்றம். மலையாளத்துலயும் முன்பக்கம்தான் முற்றம், உள்ள இருந்தா நடுமுற்றம்னு பிரிச்சு சொல்லுவாங்க. முன்றில்ல அந்தக் குழப்பமே கிடையாது, முன்னாடிங்கிறது சொல்லுக்குள்ளயே இருக்கு.

இந்த வார்த்தை எனக்கு உயிரானது குறுந்தொகை 41வது பாட்டுலதான். காதலர் பக்கத்துல இருந்தா திருவிழா நடக்கிற ஊர் மாதிரி சந்தோஷமா இருப்பேன், பிரிஞ்சு போனா ஜனங்க விட்டுட்டுப் போன வீட்டு "அணில் ஆடு முன்றில்" மாதிரி பொலிவில்லாம கிடப்பேன்னு ஒரு பொண்ணு தோழிகிட்ட சொல்றா. எழுதினவர் பேரு தெரியாததால அவருக்கு அணிலாடு முன்றிலார்னே பேரு வந்திடுச்சு. எங்க பாட்டி போனப்புறம் பூட்டிக் கிடந்த வீட்டைப் பாக்கப் போனேன், தினமும் சாணி தெளிச்சு இறுகிக் கிடந்த வாசல்ல வேப்பஞ்சருகு கணுக்கால் அளவுக்கு, அதுக்கு நடுவுல ஒரு அணில் உக்காந்து எதையோ கொறிச்சுக்கிட்டு இருந்துச்சு, நான் கேட்டைத் திறந்தும் ஓடல. மனுஷ நடமாட்டமே மறந்துபோன இடம்னு அப்பதான் புரிஞ்சுது.

பேச்சுல இனி முன்றில் வராது, வாசலே போதும். கவிதைல, கதைல, வீட்டுக்குப் பேரு வைக்கிறதுல தாராளமா எழுதுங்க. டைப் பண்றப்ப மட்டும் "மூன்றில்"னு நெடிலாக்கிடாதீங்க, அது எண்ணிக்கை ஆயிடும்.