கழுத்து ரத்தக்குழாய் வீக்கம்: நாய்களிடம் சோதித்த ஸ்டென்ட் அம்மாவுக்குச் சரிவருமா?

கேள்வி: உட்லண்ட்ஸில் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு 64 வயது. கழுத்தின் வலப்பக்கம் துடிக்கிற கட்டி இருந்தது. ஸ்கேனில், மூளைக்குப் போகும் உள் கரோட்டிட் ரத்தக்குழாய் பை போலப் புடைத்திருப்பது தெரிந்தது. ரத்தம் அந்தப் பைக்குள் போகாமல் தடுக்க, சவ்வு போர்த்திய ஸ்டென்ட் (குழாய்க்குள் வைக்கும் வலைக்குழல்) வைக்கலாம் என்கிறார் மருத்துவர். இணையத்தில் தேடினால் நாய்களிடம் சோதித்த ஆய்வுகளே வருகின்றன. அம்மாவை வைத்துப் பரிசோதனை செய்கிறார்களோ?

பதில்: இல்லை. இவ்வகை ஸ்டென்டை 1990களிலிருந்தே மனிதர்களுக்கு வைத்து வருகிறார்கள். ஆனால் நீங்கள் படித்த ஆய்வுகளைப் புரிந்துகொள்வது நல்லது.

நாய்க்கு இந்த வீக்கம் தானாக வருவது மிக அரிது. கழுத்துச் சிரையில் ஒரு துண்டை வெட்டி, கரோட்டிட் சுவரில் பையாகத் தைத்து உண்டாக்குகிறார்கள். பன்றியிடம் செய்தால் அந்தப் பை பெரும்பாலும் தானே உறைந்து அடைத்துக்கொள்ளும். ஸ்டென்டால் அடைந்ததா என்று சொல்ல முடியாது. நாயிடம் பை திறந்தே இருக்கும் என்பதால் விடை தெளிவாகக் கிடைக்கிறது. சில மாதம் கழித்து ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தி எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம்) எடுத்து, பை அடைந்ததா, குழாய் திறந்திருக்கிறதா, ஸ்டென்டின் இரு முனைகளிலும் சதை வளர்ந்து சுருங்கியதா என்று பார்ப்பார்கள். முனைச் சுருக்கம்தான் எனக்குக் கவலை தருவது. ஸ்டென்ட் வைத்த பிறகு தவறாமல் ஸ்கேனுக்கு வரச் சொல்வதும் அதற்காகத்தான்.

ஆனால் அந்த நாய்களின் ரத்தக்குழாய் இளமையானது, நேரானது. அம்மாவின் குழாயில் சுண்ணாம்புப் படிவும் வளைவும் இருக்கலாம். ஆகவே மருத்துவரிடம் கேளுங்கள்: வீக்கம் எதனால் வந்தது? கிருமித்தொற்றால் என்றால் அங்கே அந்நியப் பொருளை வைக்கத் தயங்குவோம். மிகவும் வளைந்திருந்தால் திறந்த அறுவை சிகிச்சையே பொருத்தமாகலாம். இன்னொரு ஆறுதல்: கழுத்துப் பகுதியில் உள் கரோட்டிடுக்குக் கிளைகள் கிடையாது. சவ்வு ஏதாவது கிளையை அடைத்துவிடும் என்ற பயம் அங்கே குறைவு.

ஸ்டென்ட் வைத்தால், ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தருவார்கள். பல் பிடுங்கப் போனாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இந்த வீக்கம் வெடிப்பதைவிட, உள்ளே உறைந்த ரத்தம் தெறித்து மூளைக்குப் போவதே அதிகம். அதனால் சுளுக்கு என்று நினைத்துக் கழுத்தை யாரும் எண்ணெய் தேய்த்து உருவிவிட வேண்டாம். வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம்; டாக்சி தேடாமல் உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.